பார்த்து வந்தவர் காணாத நகரம்

ஐரோப்பியச் சுற்றுலா சென்று திரும்பும் தமிழர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ஜெர்மனி நாட்டின் பழம்பெரு நகரங்களுக்குத் தவறாமல் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் தவறாமல் ஒரு கருத்தும் உண்டு. இடைக்காலம் இங்கே கல்லாய் உறைந்து அப்படியே நிற்கிறது என்பதே அது. வானளாவும் தேவாலயக் கோபுரம், வளைந்து செல்லும் கல் பாவிய தெரு, செங்குத்தான ஓட்டுக்கூரை, சன்னல்தோறும் பூந்தொட்டி என்று பட்டியல் நீளும். பட்டியல் முடிந்ததும் கட்டுரையாளர் உணவு விடுதிக்குள் நுழைந்துவிடுவார். படித்தவர் மனத்தில் ஓர் அஞ்சலட்டைப் படம் எஞ்சும், நகரம் எஞ்சாது.

இதைச் சிறு குறை என்று தள்ளிவிட இயலாது. பயணக் கட்டுரை என்பது, செல்ல வாய்ப்பில்லாத ஒருவருக்குச் சென்று வந்தவர் தம் கண்ணைக் கடனாகத் தருவதாகும். கடனாகத் தரும் கண் குருடாக இருக்குமானால், வாங்கியவரும் குருடராகவே இருப்பார். அதிலும், அக்கட்டுரை வகுப்பறைக்குள் சென்று மாணவர்க்கு முன்மாதிரியாக வைக்கப்படுமானால் அந்தக் குருட்டுத்தன்மை ஒரு தலைமுறைக்கே பாடமாகிவிடும். ஆகவே, அப்படியே நிற்கிறது என்ற அந்தக் கூற்று மெய்தானா என்பதை ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து பார்ப்பது தகும். அதற்கு நியூரம்பெர்க் நகரைவிடப் பொருத்தமானது வேறில்லை.

சுற்றுலாப் பயணியின் நியூரம்பெர்க் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே பருத்த வட்டக் கோபுரமும் மதிலும் தெரிகின்றன. மதிலைக் கடந்து நேரே நடந்தால் புனித லோரென்ஸ் தேவாலயம். அதன் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்த பின், பெக்னிட்ஸ் ஆற்றின் பாலத்தைக் கடந்தால் முதன்மைச் சந்தைத் திடல். அங்கே அழகிய நீரூற்று என்று பெயர் பெற்ற, பத்தொன்பது மீட்டர் உயரமுள்ள கற்கோபுரம் நிற்கிறது. அதன் இரும்பு வேலியில் உள்ள பொன்னிற வளையத்தைத் திருப்பினால் நினைத்தது நடக்கும் என்பார்கள், பயணியும் திருப்புவார். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அன்னை மரியாள் தேவாலயத்தின் முகப்பில் 1509ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கடிகாரப் பொம்மைகள் அசையும். பயணி கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பார். பின்னர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் 1528இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடு. அதன் பின் குன்றின் மேல் பேரரசர் கோட்டை. இறங்கி வந்தால் விரல் பருமனுள்ள சிறு தொத்திறைச்சியும் இஞ்சி மணக்கும் இனிப்பு ரொட்டியும். மாலை ரயிலில் பயணி புறப்பட்டுவிடுவார். “ஐந்நூறு ஆண்டு பின்னோக்கிச் சென்று வந்தேன்” என்று எழுதுவதற்கு வேண்டிய அனைத்தும் அவரிடம் சேர்ந்துவிட்டன.

ஆனால், அவர் கண்ட தெருக்களில் பெரும்பாலானவற்றில் அவர் எழுபது எண்பது ஆண்டுகளே பின்னோக்கிச் சென்றிருந்தார்.

1945ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் இரவு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் நியூரம்பெர்க் மீது பறந்தன. ஒரு மணி நேரத்திற்குள் பழைய நகரின் ஏறக்குறைய 90 விழுக்காடு அழிந்தது. சுமார் 1,800 பேர் மாண்டனர். லோரென்ஸ் தேவாலயமும் செபால்டு தேவாலயமும் கூரையிழந்த சுவர்களாயின. அன்னை மரியாள் தேவாலயத்தில் சுற்றுச்சுவரும் முகப்பும் மட்டுமே எஞ்சின. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் படையுடன் நடந்த தெருச் சண்டை மிச்சமிருந்ததையும் சிதைத்தது. ஏப்ரல் 20ஆம் நாள் நகரம் வீழ்ந்தபோது மதிலுக்குள் இருந்தது நகரமன்று, கல்மேடு.

இன்று பயணி காண்பது அந்தக் கல்மேட்டிலிருந்து மீண்டும் எழுப்பப்பட்ட ஊர். போருக்குப் பின் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதுநகர் ஒன்றை அமைத்திருக்கலாம். நியூரம்பெர்க் அவ்வாறு செய்யவில்லை. பழைய தெருக்களின் போக்கைப் பெரும்பாலும் காத்து, தேவாலயங்களையும் கோட்டையையும் பழைய வடிவிலேயே எழுப்பி, வீடுகளை எளிய புது முகப்புடன், அதே உயரத்தில், அதே சாய்கூரையுடன் கட்டினர். இடைக்கால வீடு என்று பயணி படமெடுப்பவற்றில் மிகப் பல 1950களில் எழுந்தவை. அழகிய நீரூற்றின் கதை இன்னும் விந்தையானது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட மூல ஊற்று நைந்து போனமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்குப் படி ஒன்று செய்து வைக்கப்பட்டது. போரின்போது கான்கிரீட் உறையிட்டுக் காக்கப்பட்டு இன்று திடலில் நிற்பது அந்தப் படியே. மூலத்தின் எச்சங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அப்படியானால் அந்த நகரமே ஒரு போலி என்று சிலர் துள்ளி எழக்கூடும். அது அடுத்த பிழை. இடிந்த வீட்டை முன்னிருந்தவாறே கட்டிக்கொள்வது போலித்தனம் ஆகாது. தாயின் முகத்தை நினைவிலிருந்து வரைபவனைப் பொய்யன் என்று எவரும் கூறார். பசியும் குளிரும் வாட்டிய ஆண்டுகளில், உடைந்த கல்லில் பயன்படக் கூடியதைப் பொறுக்கி எடுத்து, மீண்டும் அடுக்கிய கொத்தரும் தச்சரும் போற்றுதற்குரியோர். அவர்கள் உலகை ஏமாற்றவும் இல்லை. புனித கேத்தரீன் தேவாலயத்தைக் கூரையின்றி, இடிபாடாகவே விட்டு வைத்திருக்கின்றனர். போர் செய்ததை எவரும் மறவாதிருக்க அதுவே போதும். பொய் கல்லில் இல்லை. அப்படியே நிற்கிறது என்று எழுதும் பேனாவில்தான் இருக்கிறது. எழுபது ஆண்டு உழைப்பை ஒரு சொல்லால் அழித்துவிட்டு, அதனைப் புகழ்ச்சி என்று அந்தப் பேனா நினைத்துக்கொள்கிறது. உழைத்தவரை மறைத்து விளைவை மட்டும் பாராட்டுவது எந்நாட்டிலும் புகழ்ச்சி ஆகாது.

வயதைப் பற்றிய பொய்யாவது அறியாமையால் வருவது என்று பொறுக்கலாம். அழகைப் பற்றிய பொய்யோ அத்தகையதன்று.

பயணி நின்று கைதட்டும் அந்தச் சந்தைத் திடல் எவ்வாறு பிறந்தது? பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் அங்கே திடல் இல்லை. யூதர்கள் வாழ்ந்த தெருக்களும் அவர்களது வழிபாட்டுக் கூடமும் இருந்தன. யூதர்கள் அரசரின் நேரடிப் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்பது அக்காலச் சட்டம். அந்தப் பாதுகாப்புக்கு அவர்கள் வரியும் செலுத்தி வந்தனர். 1349ஆம் ஆண்டு நவம்பரில் அரசர் நான்காம் சார்லஸ் நகர மன்றத்திற்கு ஒரு சாசனம் வழங்கினார். யூதர் வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைத்துக்கொள்ளலாம். வழிபாட்டுக் கூடம் இருந்த இடத்தில் அன்னை மரியாளுக்குத் தேவாலயம் கட்டலாம் என்பது அதன் சாரம். காவலரே கதவைத் திறந்துவிட்டார். டிசம்பர் 5ஆம் நாள் வெறியாட்டம் நிகழ்ந்தது. குறைந்தது 562 யூதர்கள் கொல்லப்பட்டனர். அதன் பின் திடல் வந்தது, தேவாலயமும் வந்தது.

இப்போது நண்பகல் கடிகாரத்தை மீண்டும் நோக்கலாம். நடுவே அரியணையில் அமர்ந்திருக்கும் பேரரசரை, அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பெருமக்கள் மும்முறை சுற்றி வந்து வணங்குகின்றனர். அந்த உரிமையை வகுத்து, 1356இல் நியூரம்பெர்க்கில் அறிவிக்கப்பட்ட பொன்முத்திரைச் சாசனத்தின் நினைவாகச் செய்யப்பட்ட பொம்மைகள் அவை. அரியணையில் அமர்ந்திருப்பவர் யார்? அதே நான்காம் சார்லஸ். தம் பாதுகாப்பில் இருந்தவர்களைக் கைவிட்டவர், அவர்களது வழிபாட்டுக் கூடம் நின்ற அதே இடத்தில், நாள்தோறும் வணக்கம் பெறுகிறார். கீழே கூட்டம் சிரித்துக் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலைக் குற்றம் என்று கூற வேண்டியதில்லை, அறியாதவர் தட்டுகின்றனர். அறிந்து சொல்ல வேண்டிய கட்டுரையாளரும் கூட்டத்தோடு சேர்ந்து தட்டிவிட்டு, பொம்மைகளின் அழகைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாரே, அதுதான் குற்றம்.

இவையெல்லாம் அறுநூறு எழுநூறு ஆண்டுப் பழங்கதை. கிளறுவதால் பயன் என்ன என்று கேட்கப்படலாம். பழங்கதை பழங்கதையாகவே முடிந்திருந்தால் கேள்வி நியாயமானதே. முடியவில்லை. மீண்டும் குடியேறிய யூதர்களை 1499இல் நகரம் துரத்தியது. அதன் பின் 1850 வரை எந்த யூதருக்கும் அங்கே குடியுரிமை இல்லை. மூன்றரை நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் 1874இல் ஆற்றங்கரையில் குவிமாடத்துடன் புதிய வழிபாட்டுக் கூடம் ஒன்றை எழுப்பினர். அது 1938 ஆகஸ்ட் 10ஆம் நாள் இடிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர் கூடங்கள் எரிக்கப்பட்டதற்கு மூன்று மாதம் முன்னரே நியூரம்பெர்க் அதனைச் செய்து முடித்தது. இடிக்கச் செய்தவர் அப்பகுதியின் நாஜிக் கட்சித் தலைவர் ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர். அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத்தான் ஒவ்வொரு பயணியும் ஊன்றிக் கவனிக்க வேண்டும்: பழைய ஜெர்மானிய நகரின் எழிலை அந்தக் கட்டடம் கெடுக்கிறது என்றார்கள்.

எழில் என்ற சொல் அங்கே இடிக்கும் கருவியாயிற்று. இடைக்கால நகரின் தூய தோற்றம் என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, அதற்குள் அடங்காத கட்டடத்தையும் அடங்காத மனிதரையும் அகற்றினர். நாஜிகள் நியூரம்பெர்க்கைத் தேர்ந்தெடுத்ததே அதன் பழமைக்காகத்தான். 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் கட்சிப் பேரணிகள் அங்கே நடந்தன. சந்தைத் திடலுக்கு ஹிட்லரின் பெயர் சூட்டப்பட்டது. அன்னை மரியாள் தேவாலயத்தின் முன் நின்று அவர் அணிவகுப்பை ஏற்றுக்கொண்டார். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935 செப்டம்பர் 15ஆம் நாள் அந்த நகரில்தான் இயற்றப்பட்டு, அதன் பெயராலேயே நியூரம்பெர்க் சட்டங்கள் எனப்பட்டன. முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் நியூரம்பெர்க்கில் காக்கப்பட்டு, பின்னர் வியன்னாவுக்குச் சென்ற பழம்பேரரசின் மணிமுடியையும் செங்கோலையும் 1938இல் மீண்டும் கொண்டுவந்து வைத்தனர். பழமையின் ஒளியைத் தங்கள் மீது பாய்ச்சிக்கொள்ளும் முயற்சி அது. கோபுரமும் மதிலும் ஒரு பாவமும் அறியாதவை. ஆனால் கேள்வி கேளாமல் கோபுரத்தை மட்டும் வியக்கப் பழகிய கூட்டம் எதற்கும் எளிதில் இணங்கியது.

கோட்டைக் குன்றின் அடியில் பாறையைக் குடைந்த பழைய பீர் நிலவறைகள் உள்ளன. போரின்போது நகரின் கலைச்செல்வங்கள் அங்கே மறைத்து வைக்கப்பட்டன. லோரென்ஸ் தேவாலயத்திற்காகச் சிற்பி வைட் ஷ்டோஸ் 1518இல் முடித்த மரச்சிற்பம் அவ்வாறுதான் தப்பியது. அதே நிலவறையில், அதே சிற்பி போலந்து நாட்டின் கிராக்கோ நகருக்காகப் பன்னிரண்டு ஆண்டு உழைத்துச் செய்த பெரும் பலிபீடமும் இருந்தது. அதனை நாஜிகள் கொள்ளையிட்டுக் கொண்டு வந்திருந்தனர். 1946இல்தான் அது தன் ஊர் திரும்பியது. தன் கலையைக் கண்போல் காத்த கை, அயலான் கலையைத் திருடியும் வந்தது. அந்த நிலவறையை இன்றும் சென்று பார்க்கலாம். கலையை நேசிப்பவர் எல்லாரும் நல்லவர் என்று வகுப்பறையில் சொல்லும் ஆசிரியர், ஒருமுறை அந்த நிலவறையை எண்ணிப் பார்ப்பது நன்று.

பெரும்பாலான பயணியர் மதிலைத் தாண்டுவதில்லை. நகரின் தென்கிழக்கில், டிராம் வண்டியில் சென்றடையக் கூடிய தொலைவில், பேரணிகள் நடந்த செப்பலின் திடலும், கட்டி முடிக்கப்படாத மாபெரும் மாநாட்டு மண்டபமும் கிடக்கின்றன. கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட் ஸ்பியர் வடித்த மேடையின் உச்சியில் இருந்த சுவஸ்திகாவை 1945 ஏப்ரலில் அமெரிக்கர் வெடி வைத்துத் தகர்த்தனர். மண்டபத்தின் ஒரு பகுதியைப் பிளந்துகொண்டு எஃகும் கண்ணாடியுமாய்ச் செல்லும் ஆவணக் காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டது. நகரின் மேற்கே நீதி மன்றத்தில் 600ஆம் அறை இருக்கிறது. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்கள் மீதான வழக்கு அங்கே நடந்தது. பன்னிருவர் மரண தண்டனை பெற்றனர். அவர்களுள் ஸ்ட்ரைக்கரும் ஒருவர். மூவர் விடுவிக்கப்பட்டனர். வென்றவர் தோற்றவரைச் சுட்டுத் தள்ளிவிடாமல், சான்று காட்டி, எதிர்வழக்காடவும் இடம் கொடுத்து நடத்திய வழக்கு அது. இடைக்காலத்தை நாடி வந்தவர்க்கு இவையெல்லாம் அட்டவணையில் இல்லை. தொத்திறைச்சிக்கு ஒரு மணி நேரம் உண்டு. 600ஆம் அறைக்கு நேரம் இல்லை.

சுற்றுலாச் செல்பவர் உழைத்துக் களைத்தவர். ஓராண்டுச் சேமிப்பைச் செலவிட்டு மகிழ வந்தவர். அவர் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது முறையா என்று இரக்கமுள்ளோர் வினவலாம். மகிழ்வதை எவரும் தடுக்கவில்லை. டியூரர் வீட்டின் மரத்தூண்களைத் தடவிப் பார்ப்பதும், கோட்டைச் சுவரில் சாய்ந்து செந்நிறக் கூரைகளின் மீது மாலை வெயில் விழுவதைக் காண்பதும் உயர்ந்த இன்பங்களே. அந்தக் கூரைகள் ஒருமுறை எரிந்தவை என்று அறிந்து காண்பவருக்கு அந்த இன்பம் குறைவதில்லை, ஆழமாகிறது. மேலும், களைப்பு பயணிக்கு உரிய சலுகை; எழுத்தாளருக்கு உரியதன்று. ஊர் சுற்றியவர் பேசாதிருக்கலாம். எழுத உட்கார்ந்தவர் கேட்டு அறிந்தே எழுத வேண்டும்.

பிறர் நாட்டின் புண்ணைக் குத்திக் காட்டுவது விருந்தினர்க்கு அழகா என்பது மற்றொரு மறுப்பு. இங்கேதான் நியூரம்பெர்க் தன் விருந்தினரைவிடப் பெரிதாய் நிற்கிறது. தன் புண்ணை அந்த நகரமே திறந்து காட்டுகிறது. அன்னை மரியாள் தேவாலயத்தின் தளத்தில், அழிந்த வழிபாட்டுக் கூடத்தின் நினைவாக யூதரின் அறுமுனை விண்மீன் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆற்றங்கரையில் 1938இல் இடிக்கப்பட்ட கூடத்திற்கு நினைவுக் கல் உண்டு. ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தின் வாயில் தெருவில், இஸ்ரேலியச் சிற்பி டானி காரவான் வடித்த வெண்ணிறத் தூண்கள் 1993 முதல் வரிசையாய் நிற்கின்றன. 1948ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் முப்பது கூறுகளும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஜெர்மானிய மொழியிலும் உலக மொழி ஒன்றிலும். உரிமையைப் பறிக்கும் சட்டத்திற்குப் பெயர் கொடுத்த நகரம், உரிமையைக் காக்கும் அறிக்கைக்குத் தெருவைக் கொடுத்திருக்கிறது. ஊர் எதையும் மறைக்கவில்லை, பயணிதான் படிக்கவில்லை. வீட்டுக்காரரே தம் துயரைச் சொல்லத் தொடங்கும்போது திரைச்சீலையின் அழகைப் புகழ்ந்து பேச்சை மாற்றுவது மரியாதையன்று, செவிட்டுத்தனம்.

இக்குறையின் வேர் வெளிநாட்டில் இல்லை. தமிழ்க் கட்டுரை வகுப்பில் இருக்கிறது. சுற்றுலாக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் என்ன செய்கிறார்? வானுயர்ந்த, கண்கவர், எழில்மிகு, மனங்கவர் என்று மனப்பாடம் செய்த அடைமொழிகளை வரிசையாய் அடுக்குகிறார். ஆசிரியரும் ஒவ்வோர் அடைமொழிக்கும் மதிப்பெண் இடுகிறார். அந்த அடைமொழிகள் நியூரம்பெர்க்குக்கும் பொருந்தும், பாரிசுக்கும் பொருந்தும், எந்த ஊரையும் காணாமலே எழுதவும் உதவும். கண்ணுக்கு வேலையில்லாத கட்டுரைக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிவிட்டு, வளர்ந்த பின் அவர் கண் திறந்து எழுதவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அதனைக் கட்டுரைத் தாளில் செயற்படுத்த மூன்று கேள்விகள் போதும். இந்தக் கட்டடத்தை எழுப்பியவர் யார்? இது எழுவதற்கு முன் இங்கே இருந்தவர் யார், அவர் எங்கே போனார்? இன்று காண்பது அன்று கட்டியதா, மீண்டும் கட்டியதா? இம்மூன்றுக்கும் விடை தேடி எழுதிய மாணவருக்கு, அவர் ஓர் அடைமொழியும் இடாவிட்டாலும் முழு மதிப்பெண் கொடுக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். அத்தகைய மாணவர் பின்னாளில் பயணக் கட்டுரை எழுதினால் அதில் ஒரு நகரம் இருக்கும்.

நாளையும் நண்பகல் பன்னிரண்டு அடிக்கும். ஏழு பொம்மைகளும் பேரரசரைச் சுற்றி வரும். கூட்டம் கைப்பேசியை உயர்த்தும். அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ் மாணவர் நிற்கக் கூடும். அவர் மற்றவரோடு சேர்ந்து அண்ணாந்து பார்க்கட்டும். பொம்மைகளின் நுட்பத்தை வியக்கட்டும். வியந்து முடித்த பின், கூட்டம் கலைந்து உணவு விடுதியை நோக்கி நடக்கும்போது, தேவாலயத்திற்குள் சென்று தளத்தில் உள்ள அந்த விண்மீனைத் தேடிக் குனியட்டும். அன்று அவர் எழுதும் நான்கு வரிகள், எழில்மிகு நகரைப் பற்றி அச்சேறிய நாற்பது பக்கங்களைவிட நெடுநாள் நிற்கும்.